வலது கை சோபா

“சார், நின்னு பாத்தா இது வலதுதான்” என்றார் இறக்கி வைக்க வந்த தம்பி.

நான் ஆர்டர் கொடுத்தது, உட்கார்ந்து பார்த்தால் வலது பக்கம் நீளும் எல் வடிவ சோபா. வந்திருப்பது, உட்கார்ந்து பார்த்தால் இடது. சோபாவின் நீளமான பக்கம் நேராகப் பால்கனிக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

இந்த வகை சோபாவில் இந்தக் குழப்பம் சகஜமாம். அதற்காகத்தான் ஆர்டர் சீட்டிலேயே படம் போட்டு, ஜன்னல் எங்கே, கதவு எங்கே என்று கடைக்காரர்களே நீலப் பேனாவில் அம்புக்குறி வைத்திருந்தார்கள். பட்டறையில் யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை போல.

“உங்க அளவுக்குச் செஞ்சது, கேன்சல் பண்ண முடியாது சார்” என்றார்கள் கடையில். பில்லின் அடியிலும் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’.

அளவுக்குச் செய்தது சரி. யார் சொன்ன அளவுக்கு?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு போடவில்லை என்றால் 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். சீட்டையும் சோபாவையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடவே, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடப் போகிறேன் என்று ஒரு வரி.

முதலாளியே கூப்பிட்டார். “அட்வான்ஸ்ல துணிக் காசு மட்டும் கழிச்சுக்கலாமா சார்?”

துணியை நானா வெட்டினேன்? முழுசாகக் கேட்டுவிட்டேன். நாளைக்கு வண்டி அனுப்புகிறாராம். பணம் ஏறிய பிறகுதான் சோபா வாசல் தாண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.