53 ஹெர்ட்ஸ்: கத்தரி நாட்குறிப்பு

மே 3

அப்பாவின் வானொலிப் பதிவுகள் இருக்கும் ஹார்ட் டிஸ்கைச் செருகினால், "டிஸ்கை ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கிறது. வேண்டாம்.

மே 4

வேறு கேபிள், வேறு யுஎஸ்பி, சின்னவனுடைய லேப்டாப். எதில் செருகினாலும் அதே கேள்வி. டக் டக் என்று தட்டும் சத்தம் மட்டும் இல்லை, காதருகே வைத்தால் சீராகச் சுழல்வது கேட்கிறது. தட்டாத வரைக்கும் நல்லது அக்கா என்கிறான் தம்பி, கோவையில் உட்கார்ந்துகொண்டு.

கத்தரி தொடங்கிவிட்டது. மாடி அறையில் மனுஷர் இருக்க முடியாது. டிஸ்க்கைக் கீழே கொண்டுவந்து அரிசி டிரம் மேல் வைத்திருக்கிறேன்.

மே 6

ரிச்சி தெரு. முதல் கடைப் பையன் நான் வாய் திறப்பதற்குள், "செக்டிஸ்க் போட்டா சரியாயிடும்" என்று செருகப் போனான். பிடுங்கிக்கொண்டேன். சாகப்போகிற டிஸ்க்கில் அதை ஓட்டினால் எந்தக் கோப்பு எங்கே என்று சொல்ல இருக்கிற கொஞ்சநஞ்ச அட்டவணையையும் "சரிசெய்து" அழித்துவிடும் என்று தம்பி நூறு தடவை சொல்லி அனுப்பியிருந்தான்.

இரண்டாவது கடைக்காரர் வயதானவர். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து 197-ஆம் வரியில் விரலை வைத்தார். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள். அந்த வரியில் பூஜ்யம் இருக்க வேண்டும், இதில் நாலு இலக்கம் இருந்தது. "ஹெட்டு போகலைம்மா, தட்டுதான் அங்கங்க போயிருக்கு. இப்பவே டிஸ்க்க முழுசா அப்படியே காப்பியா, இமேஜா எடுத்துடுங்க. அதுவரைக்கும் திறந்து பாக்காதீங்க, ஒரு பாட்டுகூட போட்டுப் பாக்காதீங்க." லேபில் கொடுத்தால் பதினெட்டாயிரத்தில் ஆரம்பிக்குமாம். 2 டிபி புது டிஸ்க் ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் சும்மா பார்த்துக் கொடுத்ததற்குக் காசு வாங்கவில்லை.

மே 7

வீட்டுக்காரர் கேட்டார்: "அப்படி என்னதான் இருக்கு அதுல?"

பதில் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

மே 9

டிடிரெஸ்க்யூ ஓடுகிறது, இமேஜ் எடுக்கும் புரோகிராம். பழைய லேப்டாப், பென் டிரைவில் லினக்ஸ், திரையில் கறுப்பில் வெள்ளை எழுத்து. நல்ல பகுதியை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடம் வந்தால் தாண்டிக் குதித்து, கடைசியில் திரும்பி வந்து ஓரங்களைச் சுரண்டும். விண்டோஸில் காப்பி போட்டால் கெட்ட இடத்திலேயே மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும். முட்டுவது டிஸ்க்கின் ஆயுளில் அல்லவா?

காலையிலிருந்து நொடிக்கு 30 எம்பி. சமைத்தேன், துணி காயப்போட்டேன், போகவர எட்டிப் பார்த்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு வேகம் திடீரென்று 40 கேபிக்கு விழுந்தது. டேபிள் ஃபேனை டிஸ்க் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேகம் ஏறியது. ஃபேனால்தானா, தற்செயலா, தெரியாது. திருப்பவில்லை.

மூன்றரைக்குக் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி செத்து வருஷமாகிறது. எல்லாம் அணைந்தது.

இரவு: எங்கே விட்டதென்று மேப் ஃபைலில் எழுதி வைத்திருக்கிறது. அங்கிருந்தே தொடர்ந்தது. இந்த மேப் ஃபைலை எழுத நினைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

மே 10

சின்னவன்: "எல்லாம்தான் ஆன்லைன்ல இருக்கேம்மா."

இருக்கிறது. நாயன மேதை ராஜரத்தினம் பிள்ளை 1956-இலேயே போய்விட்டார், காருகுறிச்சி அருணாசலம் 1964-இல். இன்றைக்குத் தேடினாலும் இரண்டு பேரும் கிடைப்பார்கள். இளையராஜா கிடைப்பார். வானொலியின் காலை மங்கல இசையில் நாயனம் வாசித்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் போய், சாயந்திரம் கோயிலில் சாயரட்சைக்கு வாசித்தவர்கள் எங்கே கிடைப்பார்கள்? திருச்சி வானொலியில் இருக்கலாம், அங்கேயும் அழித்து மேலேயே பதிந்திருக்கலாம். அப்பா பல் துலக்கும் முன் ரெக்கார்ட் பொத்தானை அமுக்கி எடுத்தவை அவை. பாதிக்குப் பாதியில் அறிவிப்பாளர் பெயர் சொல்லி முடித்த பிறகுதான் டேப் சுழலத் தொடங்கியிருக்கும்.

ஆன்லைன் என்றால் நிரந்தரம் என்று நினைக்கிறான். மைஸ்பேஸில் 2015 வரை ஏற்றிய பாட்டெல்லாம் சர்வர் மாற்றும்போது போய்விட்டது, 2019-இல்தான் வெளியே தெரிந்தது என்று சொன்னேன். "மைஸ்பேஸ்னா என்ன?" என்றான்.

மே 12

99.98 சதவீதம். மீதியில் நகரவே இல்லை. நிறுத்தினேன்.

மே 13

சந்தோஷப்பட்டது தப்பு. 0.02 சதவீதம் எங்கே விழுந்தது என்பதுதான் விஷயம்.

கெட்ட செக்டர் ஒன்று 4096 பைட். அது ஒரு பாட்டின் நடுவில் விழுந்தால், 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் கால் நொடி. ஒரு சின்ன விக்கல், அவ்வளவுதான். அதே 4096 பைட் அட்டவணையில் விழுந்தால், அங்கே ஒரு கோப்புக்கு 1 கிலோபைட் சீட்டு, நாலு கோப்பின் பெயர், ஃபோல்டர், தேதி எல்லாம் போச்சு. கோப்பு அப்படியே இருக்கும். அது எதுவென்று சொல்ல ஆளிருக்காது.

எனக்கு விழுந்தது அட்டவணையில். சினிமா ஃபோல்டர்கள் பெரும்பாலும் முழுசாக வந்துவிட்டன. "வானொலி" என்ற ஃபோல்டரே இல்லை.

மே 14

ஒன்றும் செய்யவில்லை. மாவு அரைத்தேன்.

மே 15

போட்டோரெக், தொலைந்த கோப்புகளை மீட்கும் புரோகிராம். அட்டவணையைப் பார்க்காமல் ஒவ்வொரு செக்டராக மோப்பம் பிடித்து, ஒலிக் கோப்பு மாதிரித் தெரிந்ததையெல்லாம் அள்ளிப் போடுகிறது. பெயர் கிடையாது. எஃப் என்ற எழுத்து, பின்னால் ஒரு நீள எண், எந்த இடத்தில் கிடைத்ததோ அந்த எண். என் மகனின் ரிங்டோன்களும் வாட்ஸாப் குரல் செய்திகளும் அப்பாவின் கேசட்டுகளும் ஒரே வரிசையில்.

நீளத்தை வைத்துப் பிரித்தேன். முப்பது நிமிஷத்துக்குச் சற்று மேல் என்றால் சி-60 கேசட்டின் ஒரு பக்கம். நாற்பத்தைந்து என்றால் சி-90. அப்படித் தேறியவை இருநூற்றுச் சொச்சம்.

இருக்கின்றன. பெயரில்லாமல் இருக்கின்றன.

மே 16

பிக்கார்டில் எல்லாவற்றையும் போட்டேன். பாட்டைக் கேட்டுக் கைரேகை எடுத்து, மியூசிக்பிரைன்ஸ் களஞ்சியத்தில் தேடி, பெயர் சூட்டும். சினிமாப் பாட்டுக்கு டக் டக்கென்று பச்சை விழுந்தது. நாயனத்துக்கு ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு தோடி ராகத்துக்குப் பொருத்தம் காட்டியது: துருக்கி நாட்டுக் கல்யாண வாத்தியம். சிரித்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்து.

மே 18

டேக் இருக்கிறது!

கோப்புக்குள்ளேயே இருக்கும் பெயர்ச்சீட்டு, 2004-இல் அப்பா தானே தட்டச்சு செய்தது. பிளேயரில் பார்த்தால் பிரெஞ்சு எழுத்தும் தலைகீழ்க் கேள்விக்குறியுமாக இருந்ததைக் குப்பை என்றுதான் நினைத்தேன். குப்பை இல்லை, திஸ்கி. யூனிகோடு பரவுவதற்கு முந்திய காலத்துத் தமிழ்க் குறியீடு. ஐகன்வ் என்ற லினக்ஸ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும். கொடுத்ததும் திரும்பி வந்தது:

மங்கல இசை திருச்சி தோடி நாயனம் திரு

அவ்வளவுதான். பழைய ஐடி3 டேக் கோப்பின் கடைசி 128 பைட்டில் உட்கார்ந்திருக்கும். அதில் தலைப்புக்கு 30 பைட். எண்ணிப் பார்த்தேன். ஒற்றைக் கொம்பு, கால் எல்லாம் திஸ்கியில் தனித்தனிக் கணக்கு. "திரு" வரும்போது சரியாக 30.

திருவாரூர். திருவெண்காடு. திருவிடைமருதூர். திருவீழிமிழலை. திருமெய்ஞானம். தஞ்சாவூர் ஜில்லாவில் நாயனக்காரர் ஊர் பாதி "திரு" என்றுதானே ஆரம்பிக்கும்?

மே 19

சின்னவன் சொல்கிறான், திரு என்றால் மிஸ்டர் ஆகவும் இருக்கலாமாம்.

மே 20

மன்னார்குடிச் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். ஒரு கண் ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்தில் இருக்கிறார், இரண்டாவது கண் 29-ஆம் தேதி. "கண்ணைத்தானேம்மா மூடச் சொல்லிருக்கான், காது சும்மாதானே கெடக்கு, அனுப்பு" என்றார். அந்தத் தோடியை அனுப்பினேன்.

அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். "திருவீழிமிழலை இல்ல. அவங்கன்னா ரெண்டு நாயனம் சேந்து வரும், இது ஒத்த நாயனம். வேற யாருன்னு சொல்ல முடியலம்மா. பாரி நாயனம் மாதிரி வாசிக்கிறான், திமிரி மாதிரி கத்துது. சுருதி அரைக் கட்டை ஏறிக் கெடக்கு. ஒங்கப்பன் டேப்பு வேகமா ஓடுது." பாரி நீள நாயனம், சுருதி தாழ்ந்தது; திமிரி குட்டை, சுருதி உயர்ந்தது.

எல்லா டேப்பும் ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்பார்கள். அப்பாவின் டேப் ரெக்கார்டருக்கு அதெல்லாம் யார் சொன்னது?

மே 22

கரண்ட் இல்லை. தண்ணீர் லாரியும் வரவில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரில் இடுப்பளவு தண்ணீர் நின்றது நினைவுக்கு வருகிறது. இப்போது குடிக்க லாரி. கேசட் அலமாரியின் கீழ்த் தட்டுகள் அன்றைக்கே போயின. மேல் தட்டும் அப்புறம் பூஞ்சை பிடித்துப் போயிற்று. அதை எழுத வேண்டாம்.

மே 23

ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டியில் தோடியைத் திறந்து, நாயனம் மூச்சு வாங்கும் இரண்டு நொடி இடைவெளியை மட்டும் தேர்ந்தெடுத்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் போட்டேன். அடியில் 50 ஹெர்ட்ஸில் ஒரு முள். அது நம்மூர்க் கரண்டின் ரீங்காரம், 2004-இல் கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றியபோது ஒட்டியது. அதன் பக்கத்திலேயே இன்னொரு முள், கொஞ்சம் குட்டையாக, 53-இல்.

பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டாவது முள்ளும் கரண்ட்தான். ரேடியோவிலிருந்து டேப்பில் பதிந்தபோது ஒட்டியது. அன்றைக்கு அது 50 ஆகத்தான் இருந்திருக்கும். பிறகு வேகமாக ஓடிய டேப் அதை 53 ஆக்கிவிட்டது. 53-ஐ 50-ஆல் வகுத்தால் 1.06. பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் ஒன்றிலிருந்து அதற்கடுத்ததற்கும் கிட்டத்தட்ட அதே விகிதம். அரைக் கட்டை!

போனில், வாட்ஸாப் நசுக்கிய ஒலியில், ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு சொன்னார் சித்தப்பா.

மே 24

வேகத்தை 53-லிருந்து 50-க்கு இறக்கினேன். மூன்று கட்டையில் இருந்தது இரண்டரைக்கு வந்து உட்கார்ந்தது. தவில் இப்போது தவிலாகக் கேட்கிறது. இவ்வளவு வருஷமாக அப்பா இந்தத் தோடியை இப்படிக் கேட்டதே இல்லை என்று நினைத்தேன். இல்லை, கேட்டிருக்கிறார், பதிவானபோது ரேடியோவில். நான்தான் கேட்டதில்லை.

அசல் கோப்பைத் தொடவில்லை. திருத்தியது தனி ஃபோல்டரில்.

மே 25

பேக்கப். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். எல்லோரும் சொல்லும் விதிதான். புது டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று, தம்பிக்குக் கூரியரில் ஒன்று. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு ஷா256 எண் எடுத்து ஒரே பட்டியலாக்கி மூன்று இடத்திலும் போட்டேன். ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், எந்தக் கோப்பில் ஒரு பைட் மாறினாலும் அந்த வரி கத்தும். தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக்காக மாற்றிவிடலாமே என்கிறான் சின்னவன். எம்பி3-யில் போனது போனதுதான், ஃபிளாக்காக மாற்றினால் இடம்தான் பிடிக்கும்.

தம்பி அலமாரியில் வைத்துப் பூட்டுவேன் என்கிறான். பூட்டாதே, வருஷத்துக்கு நாலு தரம் செருகிப் பார் என்றேன். "சரிக்கா." அவன் சரி என்றால் செய்ய மாட்டான் என்று அர்த்தம்.

மே 26

வாட்ஸாப்பில் அனுப்பினால் தவிலின் தொப்பி, அதாவது இடப்பக்கத்து ஒலி செத்துவிடுகிறது. ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது நாயனத்தில் இல்லை, தவிலில் என்கிறார் சித்தப்பா. யாரோடு யார் வாசித்தார்கள் என்று அவருக்குத் தெரியுமாம்.

மன்னை எக்ஸ்பிரஸில் தட்கல் பார்க்கச் சொன்னேன்.

மே 27

டிக்கெட் கிடைத்தது. தாம்பரத்தில் ராத்திரி ஏறினால் காலையில் மன்னார்குடி. வீட்டுக்காரர் நானும் வருகிறேன் என்றார். "நீங்க வந்தா தூங்கச் சொல்லுவீங்க." வரவில்லை.

மே 28

சித்தப்பா திண்ணையில் சாய்வு நாற்காலி. கறுப்புக் கண்ணாடி, காதில் என் ஹெட்போன். நான் நோட்டில் எண் போட்டு எழுதுகிறேன். அவர் பெயர் சொல்லுவதில்லை, ஊர் சொல்லுகிறார், பிறகு அந்த ஊரில் யார் வீட்டுக் கல்யாணம், எந்த வருஷம், யார் தவில், சாப்பாட்டில் என்ன என்று போய், கடைசியில் பெயர் வருகிறது. சில கோப்புக்குப் பெயர் வருவதில்லை, சாப்பாடு மட்டும் வருகிறது. அதையும் எழுதிக்கொள்கிறேன்.

சித்தி: "ரெண்டு பேருக்கும் வேலை இல்ல."

நடுவில் ஒரு கல்யாணியில், நாலு கெட்ட செக்டர் சேர்ந்த இடத்தில், ஒரு நொடி சத்தமே இல்லை. சித்தப்பா அந்த ஒரு நொடியையும் விரலால் தாளம் விடாமல் தொடையில் போட்டுக் கடந்தார். தவில் திரும்பி வந்தபோது அவர் விரலும் அதுவும் ஒன்றாக விழுந்தன.

திருத்திய தோடியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். முழுசாகக் கேட்டார். "இப்ப சரி" என்றார். யார் என்று கேட்டேன். "இரு."

மே 29

காப்பிக்கு முன்னாலேயே ஹெட்போனைக் கேட்டார். அந்தத் தோடியை மறுபடி போடச் சொன்னார், பதினெட்டாவது நிமிஷத்திலிருந்து. தவில் தாளத்தை முடித்துவைக்கும் தீர்மானம் (மொகரா) வரும் இடத்தில் கையை உயர்த்தினார். "இந்த மொகராவ நான் கேட்டிருக்கேன்மா. திருவாரூர் இல்ல. இந்தத் தவிலு நீடாமங்கலத்துப் பக்கம். அவனோட வாசிச்சவன்னா" என்று ஆரம்பித்தார். கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வந்து ஹாரன் அடிக்கிறது. மீதி சாயந்திரம்.