நிற்காத லூப்: ஒரு கற்றுக்குட்டியின் நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

பைத்தான் என்ற நிரல் மொழியில் வைல் லூப் கற்றுக்கொண்ட முதல் நாள். ஒரு கண்டிஷன் உண்மையாக இருக்கும்வரை அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான் வைல் லூப். 1 முதல் 10 வரை அச்சிட வேண்டும், அவ்வளவுதான். ரன் கொடுத்ததும் திரை முழுக்க 1, 1, 1, 1 என்று கொட்டுகிறது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விண்டோவையே மூடிவிட்டேன்.

எண்ணைக் கூட்டும் வரியை மறந்திருப்பேன் என்று பார்த்தால், 'எண் += 1' ஜம்மென்று கடைசி வரியாக உட்கார்ந்திருக்கிறது. (பைத்தான் 3-இல் வேரியபிளுக்கு, அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் இடத்துக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம். இந்த மொழியோடு ஒட்டிக்கொள்ள எனக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.) இருபது நிமிடம் வெறித்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது: பிரிண்ட் வரி நான்கு ஸ்பேஸ் உள்ளே தள்ளி இருக்கிறது, கூட்டும் வரி இடது ஓரத்தில் நிற்கிறது. உள்ளே தள்ளி எழுதியது மட்டுமே லூப்புக்குச் சொந்தம். என் வரி லூப் முடிந்த பிறகு ஓடக் காத்திருக்கிறது. அது ஓடினால்தான் லூப் முடியும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதே கதை.

நான்கு ஸ்பேஸ் தட்டினேன். பத்தில் நின்றது.

ஜூன் 4, புதன்

விண்டோவை மூட வேண்டியதில்லையாம். புரோகிராம் ஓடும் அந்த டெர்மினல் விண்டோவில் கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அமுக்கினால் போதும். 'கீபோர்டு இன்டரப்ட்' என்று சிவப்பாக ஏதோ வருகிறதே என்று பயந்தேன். அதில்தான் விஷயமே இருக்கிறது. நிறுத்திய நொடியில் புரோகிராம் எந்த வரியில் நின்றுகொண்டிருந்தது என்று வரி எண்ணோடு சொல்கிறது.

ஜூன் 6, வெள்ளி

5-ஐ மட்டும் விட்டுவிட்டு 1 முதல் 10 வரை அச்சிடும் பயிற்சி. 1, 2, 3, 4 வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

அருவியாகக் கொட்டினாலாவது லூப் என்று தெரியும். இந்த மௌனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் ஏதோ டைப் செய்ய வேண்டும் என்று காத்திருக்கிறதாக்கும் என எண்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மடிக்கணினியின் ஃபேன் இரையத் தொடங்கியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பைத்தான் 12 சதவீதம் காட்டுகிறது. 12 தானே என்று முதலில் அலட்சியமாக விட்டேன். என் கணினியின் பிராசஸருக்கு எட்டு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் எட்டுப் பகுதிகள். அதில் ஒன்றை முழுசாகத் தின்றால் கணக்கு 12.5 தான் வரும்.

காரணம் கண்டினியூ. 5 வந்தால் கண்டினியூ போட்டு லூப்பின் தலைக்குத் தாவச் சொல்லியிருந்தேன். கூட்டும் வரி அதற்குக் கீழே. 5 எப்போதும் 5 ஆகவே இருந்தது. கூட்டலை மேலே ஏற்றினேன்.

ஜூன் 8, ஞாயிறு

எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ரகசிய எண் 7. நானே வைத்த எண், நானே 7 என்று போடுகிறேன், 'தவறு, மீண்டும்' என்கிறது. இரண்டையும் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன்: 7, 7. அட, இரண்டும் ஒன்றுதானே!

ஒன்றில்லை. நான் தட்டுவதை வாங்கித் தரும் 'இன்புட்' கொண்டுவருவது எண் அல்ல, எழுத்து. பிரிண்ட் மேற்கோள் குறியைக் கழற்றிவிட்டுக் காட்டுவதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. எது என்ன வகை என்று 'டைப்' போட்டுக் கேட்டபோதுதான் ஒன்று ஸ்ட்ரிங் (எழுத்து), ஒன்று இன்ட் (முழு எண்) என்று பூனைக்குட்டி வெளியே வந்தது.

சரி, எண்ணாக மாற்றினேன். யாராவது 'ஏழு' என்று எழுத்தில் போட்டால் புரோகிராம் விழுந்துவிடுமே என்று, பிழையைப் பிடித்துக்கொள்ளும் டிரை, எக்செப்ட் போட்டு, பிழை வந்தால் 'எண்ணை மட்டும் போடவும்' என்று சொல்ல வைத்தேன். இப்போது கன்ட்ரோல் சி அமுக்கினால் நிற்கவில்லை. 'எண்ணை மட்டும் போடவும்' என்று பதில் சொல்கிறது! என்ன பிழை என்று குறிப்பிடாமல் வெறும் எக்செப்ட் எழுதினால் அந்த கீபோர்டு இன்டரப்ட்டையும் அது பிடித்து விழுங்கிவிடும். எண்ணாக மாற்ற முடியாத பிழையை மட்டும் பிடிக்கும்படி 'எக்செப்ட் வேல்யூ எரர்' என்று எழுதிய பிறகுதான் வழிக்கு வந்தது. வெறும் எக்செப்ட்டைப் பாடத்தில் சேர்த்தவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

ஜூன் 10, செவ்வாய்

0.1, 0.1 ஆகக் கூட்டிக்கொண்டே போய் 1.0 வந்ததும் நிற்கச் சொன்னேன். 1.0 வரவே இல்லை. 0.9999999999999999 வந்தது, அடுத்தது 1.0999999999999999. கணினி எண்களை வைத்திருக்கும் இருமத்தில் (0, 1 மட்டுமே உள்ள முறை) 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாதாம். '!=' (சமமில்லை) இருந்த இடத்தில் '<' (சிறியது) போட்டால் நிற்கிறது, ஆனால் ஒரு சுற்று கூடுதலாக ஓடுகிறது. முழு எண்ணால் பத்து வரை எண்ணி, பத்தால் வகுத்துக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஒரு லிஸ்ட்டில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்து ஓடும் ஃபார் லூப் பத்திரமானது என்று நினைத்திருந்தேன். ஒரு லிஸ்ட்டைச் சுற்றிக்கொண்டே அதே லிஸ்ட்டின் கடைசியில் புதிதாகச் சேர்த்தேன் (அப்பெண்ட்). லிஸ்ட் முடியவே இல்லை. மெமரி ஏறிக்கொண்டே போய் மவுஸ்கூட நகரவில்லை.

ஜூன் 14, சனி

அக்கா வந்திருந்தாள். பல வருடமாக நிரல் எழுதும் வேலையில் இருப்பவள். எடிட்டர் எழுத்துப்பிழைக்கெல்லாம் சிவப்புக் கோடு போடுகிறதே, நிற்காத லூப்புக்கு ஏன் போடுவதில்லை என்று கேட்டேன். சில எளிய கேஸ்களைப் பிடிக்கலாமாம். ஆனால் எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது நிற்குமா நிற்காதா என்று சொல்லிவிடும் ஒரு பொதுவான வழி இருக்கவே முடியாது. கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1936-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வரும் முடிவு அது என்றாள்.

பிறகு என் கண்டினியூ கதையைச் சொன்னேன்.

"எந்த வேரியபிள் மாறினா இந்தக் கண்டிஷன் பொய்யாகும்? விரல வச்சுக் காட்டு."

"இதோ, இதுதான்க்கா."

"உள்ள போற எல்லா வழியிலயும் அது மாறுதா?"

இல்லை. 5-இன் வழியில் மாறவில்லை. இந்தத் தப்பைச் செய்தது நான் மட்டுமல்ல என்று அவள் சொன்னது: 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்ட்டின் 30 ஜிபி ஸூன் பாட்டுக் கருவிகள் உலகம் முழுக்க உறைந்துபோயின. கடிகார நிரலில் ஒரு வைல் லூப். நாள்கள் 365-ஐவிட அதிகமாக இருக்கும்வரை ஓட வேண்டும். லீப் ஆண்டாக இருந்து நாள்கள் 366-ஐவிட அதிகம் என்றால் 366-ஐக் கழி. சரியாக 366 ஆக இருந்தால்? அதற்கு எதுவுமே எழுதப்படவில்லை. 2008 லீப் ஆண்டு, அன்று அதன் 366-ஆவது நாள். தீர்வாக, பேட்டரி தீரும்வரை விட்டுவிட்டு மறுநாள் சார்ஜ் போடச் சொன்னார்களாம்.

ஜூன் 17, செவ்வாய்

கொலாட்ஸ் என்ற கணக்குப் புதிரை எழுதினேன். இரட்டைப்படை என்றால் பாதியாக்கு, ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு, 1 வந்தால் நிறுத்து. 0 முதல் 30 வரை ஒவ்வொன்றுக்கும் எத்தனை படி என்று கேட்டால், ஒரு வரிகூட வராமல் நின்றுவிட்டது. அக்கா சொன்னபடி விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டு வழியிலும் மாற்றும் வரி இருக்கிறது. போன் போட்டேன்.

"எந்த எண்ல மாட்டிக்கிட்டு இருக்கு?"

பிரிண்ட் போட்டேன். 0, 0, 0. பூஜ்யத்தில் பாதி பூஜ்யம். வரி ஓடுகிறது, மதிப்பு மாறவில்லை.

"ஒண்ணுல இருந்து ஆரம்பி."

"அப்ப எல்லா எண்ணும் கண்டிப்பா நிக்குமாக்கா?"

"அத இன்னும் யாரும் நிரூபிக்கல. ஆயிரம் படி தாண்டினா பிரேக் போட்டு வை."

போட்டேன். ஓட்டினேன். 27-ஐத் தவிர எதுவும் 23 படியைத் தாண்டவில்லை. 27 மட்டும் 9232 வரை ஏறிப்போய், 111-ஆவது படியில் 1-க்கு வந்து சேர்ந்தது. ஃபேன் சத்தமே இல்லை.