ரெண்டேகால் அடி

அப்பாவின் இடது தோளில் ஒரு காய்ப்பு உண்டு. கேட்டால், "மீட்டர் கேஜ்ல வாங்குனதுல" என்பார்.

திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876இல், மணியாச்சியிலிருந்து பிரிந்த கிளைப் பாதையில். தண்டவாள இடைவெளி 1000 மில்லிமீட்டர், அதுதான் மீட்டர் கேஜ். 1949இல் பக்கத்துத் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை ஓடத் தொடங்கியபோதும் அதே சின்னப் பாதைதான். அப்புறம் 1981இல் நாகர்கோவில் பக்கமிருந்து ஜங்ஷனுக்கு அகலப்பாதை வந்து சேர்ந்தது. அது 1676 மில்லிமீட்டர். மதுரைப் பக்கம் சின்னது, நாகர்கோவில் பக்கம் பெரியது. வித்தியாசம் ரெண்டேகால் அடிகூட முழுசாக இல்லை. எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்த இடைவெளியில்தான்.

சின்ன வேகன் பெரிய பாதையில் ஏறாது. அதனால் யார்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நடுவில் பலகை போட்டு, சரக்கை ஆள் வைத்து மாற்றுவார்கள். பெரிய வேகனின் தளம் கொஞ்சம் உசரம். சுமையோடு பலகையில் ஏறித்தான் போக வேண்டும். சிமெண்ட் மூடை 50 கிலோ. இருபது மூடை மாற்றினால் ஒரு டன். அப்பா டன் கணக்கு பேசமாட்டார், "இன்னைக்கு எத்தனை நடை" என்பதுதான் அவர் கணக்கு.

அந்தக் காலத்தில் சணல் சாக்கு. தூசி கசியும். வேர்வையில் நனைந்த தலைமுடி காய்ந்ததும் விறைத்து நிற்கும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற விடுவாள். சாக்கு கிழிந்தால் காண்ட்ராக்டர் கூலியில் பிடித்துவிடுவார். கிழிந்தே வந்த சாக்குக்கும் பிடித்தார் என்பது அப்பாவுக்கு இன்றுவரை ஆறாத கோபம். எனக்கும்தான்.

தொண்ணூறுகளில் மதுரைப் பாதையும் அகலமானது. ஊரே கொண்டாடியது, சரிதான். பலகைக்கு வேலை போனது. அப்பா பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு வாழைத்தார் இறக்கப் போனார்.

போன மாதம் ஈரடுக்குப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கீழே ஒரு கூட்ஸ் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. உதடு அசைய எண்ணினார். முப்பதைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "இம்புட்டையும் மாத்தணும்னா எத்தனை நடைல ஆவும்?" என்றார்.

நான் பெருக்கிப் பார்ப்பதற்குள் கடைசிப் பெட்டியான பிரேக் வேன் போய்விட்டது.