பீஷான் பூங்காவில் என் வேலை

பூங்காவில் வேலை என்றதும் சித்தி கேட்டார், "செடிக்குத் தண்ணி ஊத்தவா இவ்வளவு படிச்சே?" சரி, அதுவும் உண்டு. ஆனால் சிங்கப்பூரின் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் என்னை இழுத்தது காலாங் ஆறு. 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயாகக் கிடந்ததை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடவிட்டு, 2012இல் திறந்தார்கள். இப்போது கரையைப் பிடித்து நிறுத்துவது கல்லும் செடிவேரும்தான். வெயில் நாளில் பிள்ளைகள் இறங்கி மீன் பார்க்கும் இடத்தில், மழை கொட்டினால் வெள்ளம் பாயும். சைரன் அலறும், ஆட்களை மேட்டுக்கு ஏற்றுவதுதான் முதல் வேலை.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் தாவரவியலோடு பொறுமையையும் படித்துக்கொள்ளுங்கள். நீர்நாய்க் குடும்பம் கரையேறினால், "கொஞ்சம் தள்ளி நின்னு போட்டோ எடுங்க, உங்க நாயைக் கயித்துல பிடிங்க" என்று சொல்லியே பாதிக் காலை போய்விடும்.