போன் பெட்டியும் முகாமும்: சில நாட்களின் குறிப்பு

ஏப்ரல் 24

கூட்டம் இருட்டும்வரை இழுத்தது. பேச்சு முழுக்கப் போன்தான். பிள்ளைகளின் சாரணர் முகாமுக்கு ஒரு போன்கூட வரக்கூடாது என்கிறது ஒரு தரப்பு. வரைபடம், முடிச்சுப் படங்கள், செடி அடையாளக் குறிப்பு, முதலுதவி எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிப் பிள்ளைகளுக்கு அனுப்பியாகிவிட்டது, இனி எதை வைத்துப் படிப்பார்கள் என்கிறது இன்னொரு தரப்பு. அனுப்பலாம் என்று போன மாதம் கை தூக்கியவர்கள்தான் இப்போது வேண்டாம் என்கிறவர்களும்.

மூத்த அண்ணன் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவை இழுத்தார். 1907-ல் சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பையன்களை அங்கே கூட்டிப்போனபோது என்ன இருந்தது, கூடாரமும் கயிறும்தானே என்றார். சரி. ஆனால் அடுத்த வருஷமே அவர் தன் பாடங்களை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆறு பகுதிகளில் அச்சிட்டு வெளியிட்டார். பையன்கள் அதை வாங்கிப் படித்துத் தாங்களாகவே அணி சேர்ந்தார்கள். கையில் பாடம் இருந்ததால் யாரும் வெளியே போகாமல் இருந்துவிடவில்லை. இதைச் சொன்னேன். "அந்தப் புத்தகத்தில் நோட்டிஃபிகேஷன் வராதும்மா" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஏப்ரல் 25

அங்கிருந்து இன்னும் தகவல் இல்லை.

ஏப்ரல் 27

நாள் முழுக்கப் பெற்றோர்கள். ராத்திரி ஒரு தடவை பேசினால் போதும் என்கிறார்கள். பகலெல்லாம் ஓடித் திரிந்த பிள்ளைக்குப் படுக்கும் நேரத்தில் அம்மா குரல் கேட்டால் அழுகை வராமல் என்ன செய்யும்? கடிதம் எழுதச் சொன்னேன். சிரித்தார்கள்.

ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மகனுக்குக் கையில் சர்க்கரை சென்சார் ஒட்டியிருக்கிறது. அளவு புளூடூத் வழியாகப் போனுக்குப் போகிறது, அபாயமாக இறங்கினால் போன் கத்தும். போன் சில மீட்டர் தள்ளிப் போனாலே தொடர்பு அறுந்துவிடும். ஏரோப்ளேன் மோட் போட்டாலும் புளூடூத் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, முகாமில் போன்களை வாங்கிப் பூட்டிவைக்கும் பெட்டிக்குள் அவன் போன் போகாது, பையன் இடுப்பிலேயே இருக்கும். "அவனுக்கு மட்டும் என்றால் மற்ற பிள்ளைகள் கேட்பார்களே" என்று குழுவில் ஒருவர். கேட்கட்டுமே! காரணத்தைச் சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். பெரியவர்களுக்குத்தான் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. யாருக்குப் போன், யாருக்கு இல்லை என்று விதி எழுத உட்கார்ந்தால் விடியாது. இந்த நேரத்தில் இந்தப் போனுக்கு என்ன வேலை என்று கேட்டால் பாதிச் சண்டை தானாக அடங்கிவிடும். வேலை இருந்தால் வெளியே, முடிந்ததும் உள்ளே.

கோபத்தில் எழுதுகிறேன். தூக்கமும் இல்லை. அவள் பேசவே இல்லை.

ஏப்ரல் 29

அச்சு வேலை. முதலுதவி, வரைபடம், அவசர எண்கள் தாளில்தான். சார்ஜ் தீர்ந்தாலும் திரை உடைந்தாலும் அவை வேண்டும். முடிச்சுகளும் தாளில். இரண்டு கையிலும் கயிறு இருக்கும்போது திரையை எந்த விரலால் தள்ளுவது? பறவைக் குரல்கள் மட்டும் போனில், தாள் கூவாது.

கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியை அணிக்கு ஒரு போனில் ஏற்றினேன். பறவைத் தொகுப்பை முன்கூட்டியே இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். செடிக்கும் பூச்சிக்கும் சீக் செயலி. ஐநேச்சுரலிஸ்ட் என்ற இயற்கைப் பதிவுத் தளக்காரர்கள் செய்ததுதான், ஆனால் கணக்கு தொடங்கத் தேவையில்லை. சின்னப் பிள்ளைகளின் பெயரையும் மின்னஞ்சலையும் எங்கேயும் கொடுக்காமல் முடிந்தது, நிம்மதி. கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்தேன். இல்லாவிட்டால் பிள்ளைகள் நிற்கும் இடம் ஒவ்வொரு படத்தோடும் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும்.

மே 1

வந்துவிட்டோம். போன்கள் பெட்டியில். என் போன் சட்டைப்பையில்.

"அக்கா, உங்க போனுக்கு என்ன வேலை?" ஒரு வாலு கேட்டது. நான் சொல்லிக்கொடுத்த கேள்வியே. ஒரு தகவலுக்காகக் காத்திருக்கிறேன் என்றேன். யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள். பெரிய மனுஷி.

மே 2

காம்பஸ் நடை. ஓர் அணி மட்டும் தெளிவாக, தைரியமாக, தப்பான பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் தலைவன் காம்பஸை அணியின் போனோடு சேர்த்து ஒரே கையில் பிடித்திருந்தான். போன் ஸ்பீக்கருக்குள் காந்தம், அதன் உறையிலும் காந்தம். முள் பாவம் என்ன செய்யும்? போனைத் தள்ளி வைக்கச் சொன்னேன். முள் திரும்பியதைப் பார்த்து வாய் பிளந்தார்கள். அப்புறம் அரை மணி நேரம் அதே விளையாட்டுதான், போனைக் கிட்டே கொண்டுபோவதும் எடுப்பதும். நடை பாதியில் நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். இது எந்தப் பிடிஎஃப்பிலும் இல்லை.

இன்று மே 2 என்பதும் பொருந்தி வந்தது. 2000-ம் வருஷம் இதே தேதியில்தான், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்கா நீக்கியது. மறுநாளே ஒருவர் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டு ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டார். ஒளித்ததை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டு பிறந்தது. கதையைச் சொல்லிவிட்டு நாங்களும் ஒரு டப்பாவை ஒளித்தோம். ஏரோப்ளேன் மோடில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். ஆனால் வேலை செய்தது. ஜிபிஎஸ்ஸுக்குப் போன் கேட்கத்தான் செய்கிறது, அனுப்புவதில்லை. 20,000 கிலோமீட்டருக்கும் அதிக உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சிக்னலை வாங்கிக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். நெட்வொர்க் உதவி இல்லாததால் முதல் தடவை இடம் பிடிக்கக் கொஞ்சம் நேரமானது. "ஹேங் ஆயிடுச்சு" என்று ஒருத்தன் நாலு தரம் சொன்னான்.

மே 2, இரவு

நட்சத்திரம். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக அரை மணி நேரமாவது வேண்டும். பழகி, எல்லோரும் அமைதியாகி, மங்கல் நட்சத்திரங்கள் தெரியத் தொடங்கிய நேரம் பார்த்து ஒரு திரை பளிச்சென்று எரிந்தது.

என்னுடையது. விளம்பரம்.

மே 3

காலையில் பறவை. முதலில் கேட்க வேண்டும், குரலைக் கோடாகவோ எழுத்தாகவோ நோட்டில் போட வேண்டும், ஓர் ஊகம் சொல்ல வேண்டும், அப்புறம்தான் மெர்லின். முணுமுணுத்தார்கள். போனைத் திறந்தால் ஒரு நொடியில் பெயர் வந்துவிடுமே! வந்துவிடும். பெயர் வந்த உடனே பிள்ளைகள் மேலே பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பயம். திரையில் கழியும் நேரத்தைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை.

ஒருத்தி எழுதியதும் செயலி சொன்னதும் ஒத்துப்போகவில்லை. அவள் விடவில்லை, கிளைக்குக் கீழேயே நின்றாள். கடைசியில் பறவை வெளியே வந்தது. வாலைப் பார்த்தோம், அவள் சொன்னதுதான் சரி. மற்ற பறவைகளின் குரலை அப்படியே செய்துகாட்டும் பறவை அது, செயலி ஏமாந்துவிட்டது. எங்களுக்குப் பொறுக்காத தலைக்கனத்தோடு மதியம்வரை திரிந்தாள்.

அண்ணன் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தால் தன் போனில் மெர்லினை இறக்க முயன்றுகொண்டிருக்கிறார். சிக்னல் இல்லாததால் முடியவில்லை.

சர்க்கரைப் பையனின் போன் ஒரு தடவை கத்தியது. அவனே உட்கார்ந்து, எடுத்துத் தின்றுவிட்டு, எழுந்து ஓடினான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மே 4

மழை. தாள்கள் பிழைத்தன. மனசு சரியில்லை.

மே 5

விடிகாலையில் என் போன் ஒரே ஒரு தடவை அடித்தது. எடுப்பதற்குள் நின்றுவிட்டது. அவள் எண்தான். திரும்ப அழைத்தால் போகவில்லை. சிக்னல் தேடித் தேடியே சார்ஜும் பாதியாகிவிட்டது. பேச்சு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும் என்று முந்தாநாள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். அதையே இப்போது செய்தேன். போனதா இல்லையா என்று காட்டவில்லை.

"நீ மேட்டுக்குப் போய்ப் பேசிட்டு வாம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்றார் அண்ணன். பெட்டிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன். ஷூ ஈரமாக இருக்கிறது, போட்டுக்கொண்டு