பெல்ட்டில் பச்சை பூத்த தோட்டா

கேன்டீனில் சாமான் வாங்க வரிசையில் நிற்கும் முன்னாள் ராணுவத்தினரிடம் துப்பாக்கிப் பேச்சை எடுத்துவிட்டால் அன்றைக்கு மதியச் சாப்பாடு மறந்துபோகும். பழைய த்ரீ நாட் த்ரீ ரைஃபிள் மாதிரி வராது என்பார் ஒருவர், அதற்குப் பின் வந்த எஸ்.எல்.ஆர். ரைஃபிளைத் தூக்கியவர் அதை விட்டுக்கொடுக்கவே மாட்டார், அதற்கும் பின் வந்த இன்சாஸ் என்றதும் கார்கில் போர் வந்துவிடும். 1999-ல் அந்தக் குளிரில் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது, சுடச் சுட சிக்கிக்கொண்டது என்று கிளம்பிய புகார்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். இந்தப் பேச்சு எனக்கும் பிடிக்கும், நானும் நின்று பேசுவேன். ஆனால் ராணுவத்தின் பழுதுபார்க்கும் பிரிவான இ.எம்.இ.யில் ஆயுதங்களைச் சரிசெய்யும் ஆர்மரராக இருந்துவிட்டு, இப்போது லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையின் பட்டறையில் டெல்டா மாவட்டங்களிலிருந்து வரும் துப்பாக்கிகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் எனக்கு, இந்தத் துப்பாக்கியை நம்பலாமா என்று யாராவது கேட்டால், முதலில் தோட்டாவைக் காட்டுங்கள் என்று சொல்லத்தான் வாய் வருகிறது.

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வங்கி வாசலில் நிற்கும் கன்மேன்கள். பட்டாளத்திலிருந்து வந்ததும் சொந்தப் பெயரில் லைசென்ஸ் எடுத்து, பன்னிரண்டு போர் அளவில் ரவைத் தோட்டா போடும் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வாங்கி, அதை வைத்து வேலைக்குச் சேர்ந்தவர்கள். காலையில் இரண்டு தோட்டாவைக் குழலில் போடுவார்கள், சாயங்காலம் எடுத்து பெல்ட்டில் சொருகுவார்கள். மறுநாளும் அதே இரண்டு. வருடக்கணக்கில் அதே இரண்டு.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், என்னைவிட மூத்தவர், காலாட்படையில் ஹவில்தாராக இருந்தவர். "தம்பி, வலது குழல் வெடிக்க மாட்டேங்குது, ஸ்ட்ரைக்கர் போயிட்டுதுன்னு நினைக்கிறேன்" என்றார். தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் ஊசிதான் ஸ்ட்ரைக்கர். பயிற்சிக்குச் சுட்டபோது இடது குழல் வெடித்திருக்கிறது, வலதில் கிளிக் என்ற சத்தம் மட்டும். சுடாத அந்தத் தோட்டாவைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார், அதுதான் பட்டாளத்துப் பழக்கம். வாங்கி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே இருக்கும் கேப், அதாவது குத்துப்பட்டதும் தீப்பொறி கிளப்பும் சின்ன மூடி, அதன் நடுவில் குழி நன்றாக, ஆழமாக, உருண்டையாக விழுந்திருந்தது. குழி மேலாக விழுந்திருந்தாலோ ஓரமாக விழுந்திருந்தாலோ துப்பாக்கியைச் சந்தேகப்படலாம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், ஸ்ட்ரைக்கர் நுனி தேய்ந்திருக்கும், உள்ளே எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கும். இவ்வளவு ஆழமாகக் குழி விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். "அண்ணே, பெல்ட்டைக் கழற்றுங்க" என்றேன்.

நல்ல தடித்த தோல் பெல்ட். மீதி தோட்டாக்களை ஒவ்வொன்றாக இழுத்தேன். இரண்டு வரவே இல்லை, திருகித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பித்தளைத் தலையைச் சுற்றி, தோல் தொடும் இடத்தில் மட்டும், வளையமாகப் பச்சை பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி வந்தது, அதன் அடியில் பித்தளை பொத்தல் பொத்தலாகக் குழிந்திருந்தது. தோலைப் பதப்படுத்தும் சரக்கில் இருக்கும் அமிலமும் உப்பும், அதோடு நம் ஊர் வியர்வையும், ஐப்பசி கார்த்திகை அடைமழையின் ஈரமும் சேர்ந்தால் பித்தளையை அரிக்காமல் விடாது. தோல் பெல்ட் தோட்டாவைத் தூக்கிப் போவதற்குத்தான், அதிலேயே குடிவைப்பதற்கு அல்ல. டியூட்டி முடிந்ததும் எடுத்துத் துணியால் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுப் பூட்டி வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அதற்கப்புறம் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் என்னைப் பயமுறுத்தியது. கிளிக் என்றதும் உடனே துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை வெளியே எடுத்திருக்கிறார். ராணுவ ரேஞ்சில் இவர் இப்படிச் செய்திருக்கவே மாட்டார், பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் விட்டிருக்கவும் மாட்டார். கேப் தீப்பிடித்து உள்ளே இருக்கும் வெடிமருந்து தாமதமாகப் பற்றுகிற சங்கதி உண்டு, அதைத்தான் ஹேங்ஃபயர் என்போம். குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது முப்பது விநாடி நிற்க வேண்டும், அப்புறம்தான் திறக்க வேண்டும். மூடிய குழலுக்குள் வெடிப்பது வேறு, கையில் வெளியே எடுத்த தோட்டா முகத்துக்கு நேரே வெடிப்பது வேறு. இத்தனை வருடம் சீருடையில் சுட்ட மனிதருக்கே இது மறந்துபோகிறது என்றால், சொல்லித்தர ஆளில்லாமல் வாசலில் நிற்பதால்தான்.

கிளிக்கை விட மோசமானது 'டப்' என்ற மந்தமான சத்தம். மருந்து ஈரம் பட்டுப் பாதி எரிந்தால், மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் அடைப்பான வேட் குழலுக்குள்ளேயே பாதி வழியில் சிக்கி நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைப் போட்டுச் சுட்டால் குழல் கிழிந்துவிடும். சத்தமோ உதையோ வழக்கத்துக்கு மாறாக இருந்தால் உடனே நிறுத்தி, சற்றுப் பொறுத்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து குழலின் வழியே வெளிச்சத்தைப் பாருங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால்தான் அடுத்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது வேதாரண்யம் பக்கத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகாதவர்கள் குறைவு. சில வாரம் கழித்து ஒரு பெரியவர் டப்பா நிறையத் தோட்டாவோடு வந்தார். மொட்டை மாடியில் முறத்தில் பரப்பி நல்ல வெயிலில் காயவைத்தாராம். "கலகலன்னு இருக்கு பாருங்க தம்பி" என்று ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டிக் காட்டினார். ரவை ஆடும் சத்தம் கேட்டது, சரிதான். ரவைக்கு என்ன, அது ஈயம். தண்ணீர் போவது தோட்டாவின் மடித்த வாய் வழியாக, கேப்பின் ஓரம் வழியாக. உள்ளே இருக்கும் மருந்து எவ்வளவு நனைந்தது, எவ்வளவு காய்ந்தது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. வெயிலின் சூடும் அந்த மருந்துக்கு ஆகாது. அந்த டப்பாவில் சில வெடிக்கும், சில வெடிக்காது, சில 'டப்' என்று நிற்கும். எது எது என்று தெரியாத இடத்தில் மொத்தத்தையும் கழிப்பதுதான் வழி. அவருக்கு மனசே வரவில்லை, விலை கொடுத்து வாங்கியது இல்லையா. உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசித்தான் சம்மதிக்க வைத்தேன்.

துப்பாக்கியையும் நம் ஆட்கள் கொஞ்சம் பாடுபடுத்துகிறார்கள், அன்பினால்தான். ஆயுத பூஜைக்குக் குழலில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டு, பூவும் சுற்றுகிறோம். தசராவுக்கு ரெஜிமென்டிலும் ஆயுதங்களுக்குப் பூஜை உண்டு, ஆனால் அங்கே அன்றைக்கே துடைத்து எண்ணெய் போட்டுவிடுவார்கள். இங்கே மறு பூஜை வரை சந்தனம் அப்படியே இருக்கும். அதைத் துடைத்தால் அதே பொட்டு அளவுக்குத் துருவும் வட்டமாக இருக்கிறது, இதை எத்தனை குழலில் பார்த்திருக்கிறேன் என்று சொல்லி மாளாது. பொட்டை மரக்கட்டையில் வையுங்கள், இரும்பில் வேண்டாம். அப்புறம் தேங்காய் எண்ணெய். அது நாளாவட்டத்தில் பிசினாகி, ஸ்ட்ரைக்கர் ஓடும் துளையில் பிடித்துக்கொள்கிறது. தையல் மிஷின் எண்ணெய் போதும், அதுவும் துளி. குழலையும், அதன் பின்பக்கத்தில் தோட்டா உட்காரும் அறையையும் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் தோட்டா போட வேண்டும், ஏனென்றால் எண்ணெய் கேப்பின் ஓரத்தில் இறங்கினால் அதையும் கெடுத்துவிடும்.

த்ரீ நாட் த்ரீ காலத்துப் பெரியவர்கள் சுட்டு முடித்ததும் கொதிக்கும் தண்ணீரைக் குழலில் ஊற்றுவதைப் பார்த்து இளசுகள் சிரிப்பதுண்டு. அதில் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது, சுட்டதும் அது ஒரு வகை உப்பாகக் குழலில் படியும், அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் முதலில் வெந்நீர், பிறகு புல்த்ரூ என்கிற, குழலுக்குள் இழுக்கும் கயிற்றில் துணி, கடைசியில் எண்ணெய்.

பழைய மிராசுதார் வீடுகளிலிருந்து வரும் இங்கிலீஷ் துப்பாக்கிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கே அழகில்லை. தாத்தா கோடியக்கரையில் வாத்து சுட்டது என்று எடுத்து வருவார்கள், 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு முந்திய கதை அது. சிலவற்றின் குழலில் பாம்புத்தோல் போலச் சுழிச்சுழியாகக் கோலம் தெரியும், டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கிச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்தது. பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் பெரும்பாலும் கருமருந்துக் காலத்துக்குச் செய்தது. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுடக் கூடாது. கோலம் இல்லாத எஃகுக் குழல் என்றாலும் அறையின் நீளத்தைப் பார்க்க வேண்டும். பழையவை பலவும் 65 மி.மீ. அறை, இன்றைக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 மி.மீ. தோட்டா. இதில் பொறி என்னவென்றால், பெட்டியில் போட்டிருக்கும் 70 என்பது சுட்டு வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை, அதனால் 65 அறையில் அழகாக உட்காரும், துப்பாக்கியும் சுலபமாக மூடும். சுடும்போது வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறும். உள்ளே போகிறதே என்று நம்பிவிடக் கூடாது. குழலின் அடிப்பக்கத்து முத்திரைகளைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுத் தோட்டா வாங்குங்கள்.

இதற்கெல்லாம் கன்மேன்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. துப்பாக்கி அவர் காசு, லைசென்ஸ் அவர் அலைச்சல், தோட்டாவும் அவர் சம்பளத்திலிருந்து. ஆள் அனுப்பும் ஏஜென்சியோ துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்கிறதே தவிர, தோட்டா எந்த வருடத்தது, கடைசியாக எப்போது சுட்டீர்கள் என்று கேட்டதாக என்னிடம் வந்தவர்களில் யாரும் சொன்னதில்லை. துப்பாக்கித் தொழிற்சாலை டெல்டாவின் தலைமாட்டிலேயே, திருச்சியில் 1966-லிருந்து இருக்கிறது. கல்லணைக்கு இந்தப் பக்கம் வங்கி வாசலில் நிற்கும் மனிதருக்கு வருடம் ஒரு தடவை நாலு தோட்டா சுட்டுப் பார்க்க வழியில்லை. ராணுவத்தில் பழைய லாட்டைப் பயிற்சிக்குச் சுட்டுத் தீர்ப்போம், புதியதைக் காவலுக்கு வைப்போம். அதே முறையை இங்கேயும் கொண்டுவரலாம். பெல்ட்டில் இருப்பதைப் போலீஸ் அனுமதியோடு ரேஞ்சில் சுட்டுவிட்டு, ஏஜென்சி செலவில் புதியது வாங்கித் தர வேண்டும். மக்கள் பணத்துக்குக் காவல் நிற்கிறவருக்கு இது கூடச் செய்யாவிட்டால் எப்படி?

அதுவரை நீங்களே செய்யக்கூடியது, வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் தோட்டாவின் உடம்பில் மார்க்கரால் எழுதிவையுங்கள். தினமும் அதே இரண்டைப் போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். பச்சை பூத்தது, உப்பியது, வாய் பிரிந்தது, கேப்பில் அடி வாங்கியது எதுவாக இருந்தாலும் தனியே எடுத்துவையுங்கள். அதைப் பிரித்து மருந்தைக் கொட்டுவது, கொல்லையில் புதைப்பது, வெண்ணாற்றில் வீசுவது எதுவும் வேண்டாம். லைசென்ஸ் புத்தகத்தோடு வாங்கிய கடைக்கோ காவல் நிலையத்துக்கோ எடுத்துப்போய், எத்தனை ஒப்படைத்தீர்கள் என்று எழுதி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்குக் கணக்கு கேட்டால் அதுதான் பேசும்.