ராத்திரியில் துளி எப்படிப் போனாள்?

"டீச்சர், ராத்திரி திண்ணைக் கொடியில போட்ட யூனிஃபார்ம் காலையில காஞ்சிருந்துச்சு. துளி எப்படி மேல போனா?"

"கேம்ல பகல் மட்டும்தாம்மா வரும். உட்காரு."

இதுதான் நான் சொன்ன பதில். இன்றும் துணி காயப்போடும்போதெல்லாம் காதில் விழுகிறது.

துளி, கணினி விளையாட்டுகள் செய்ய உதவும் ஸ்க்ராட்ச் என்ற மென்பொருளில் நான் செய்த விளையாட்டின் நாயகி. குளத்தில் இருப்பாள், மேகத்தில் இருக்கும் பாட்டியைப் பார்க்க ஆசை. சூரியனைத் தொட்டால் மேலே போவாள், குளிர்ந்தால் மழையாக இறங்குவாள். மூன்று வாரம் ராத்திரி கண்விழித்துச் செய்தேன். தவளைக்குக் குரல் கொடுத்ததும் நானே.

விளையாட்டு என்றால் ஏதாவது ஒன்றை அழுத்த வேண்டுமே, அதனால்தான் சூரியன். தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது வேறு, எந்த வெப்பநிலையிலும் ஆவியாவது வேறு. மேற்பரப்பில் வேகமாக அலையும் மூலக்கூறுகள் தப்பிவிடுகின்றன என்றெல்லாம் பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா? இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவளுக்கு மூலக்கூறு தேவையே இல்லை. ஃபேன் போட்டால் கழுவிவிட்ட தரை சீக்கிரம் காய்கிறதே, அங்கே ஏது சூரியன் என்று நான் திருப்பிக் கேட்டிருந்தால் போதும். ஐப்பசி அடைமழையில் ரெண்டு நாளானாலும் துணி காயாமல் நாறுவதும் அந்த வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் துளிக்கு அங்கே இடம் குறைவு என்று அவர்களே சொல்லியிருப்பார்கள். சரி, பீரியட் முடிய அஞ்சு நிமிஷம்தான் இருந்தது. இருப்பது ஒரே லேப்டாப், எட்டுப் பிள்ளைகள் இன்னும் விளையாடவில்லை.

அடுத்த வாரத் தேர்வில், நீர் ஆவியாக எது காரணம் என்ற கேள்விக்கு அவளும் 'சூரிய வெப்பம்' என்றே எழுதினாள். முழு மதிப்பெண் போட்டேன். பேனா கொஞ்சம் தயங்கியது, அவ்வளவுதான்.

கதையே தப்போ என்று சில நாள் தோன்றும். அப்புறம், துளிக்கு ஒரு பெயரும் பாட்டியும் இல்லாமல் போயிருந்தால், காய்ந்த யூனிஃபார்மைப் பார்த்து அவள் அப்படி யோசித்திருப்பாளா என்றும் தோன்றும்.

கோடை விடுமுறையில் திருத்தினேன். இப்போது விளையாட்டில் இரவு உண்டு. நிலா வரும், காற்றைத் தொட்டாலும் துளி மேலே போவாள். இந்த வருஷப் பிள்ளைகள் காற்றை அழுத்தி அழுத்திச் சீக்கிரமே பாட்டியிடம் சேர்த்துவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.